தாலி கட்டியாச்சு... தங்கவயலைப் பார்த்தாச்சா?

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். சாயங்காலம் ஆறரை மணி. ஆம்பூரிலிருந்து வந்த வேன் வாசலில் நிற்கிறது. பெரியவர்கள் சந்தனம் தொட்டு, கல்கண்டு எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். இளசுகள் மட்டும் வாசலிலேயே நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நாலு பக்கமும் தேடுகிறார்கள்.

“மாமா, கே.ஜி.எஃப் எங்க இருக்கு?”

“நீ நிக்கிறதே கே.ஜி.எஃப்தான்டா.”

“அது தெரியும் மாமா. படத்துல வருமே, அந்த சுரங்கம், அந்தக் கோட்டை...”

“அது செட்டு போட்டு எடுத்ததுடா. உள்ள போய் டிபன் சாப்பிடு, போ.”

2018-ல் ‘கே.ஜி.எஃப்’ படமும் 2022-ல் அதன் இரண்டாம் பாகமும் வந்த பிறகு இந்த ஊர்க் கல்யாணங்களில் இந்தப் பேச்சு நடக்காத முகூர்த்தம் இல்லை. 2024-ல் பா.இரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்ததும் கேள்வி கொஞ்சம் மாறியது. “நம்ம ஆளுங்க தங்கம் எடுத்த இடம் எதுண்ணா?” என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. வீட்டுக்காரர்களுக்குப் பந்தி வேலை. மாமாவுக்கு மொய் நோட்டு. வந்தவர்கள் ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே லாட்ஜில் படுத்துவிட்டு, மறுநாள் சாப்பாடு முடிந்ததும் வேன் ஏறிவிடுகிறார்கள்.

கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலுக்கு வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருவதற்கு இன்று பெரிய காரணம் கல்யாணம்தான். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அப்பா ஷாஃப்டில், அதாவது சுரங்கக் குழியில், இறங்கினார், மகன் பெங்களூருவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பெண்ணை வாணியம்பாடியில் கொடுத்திருக்கிறார்கள், தம்பி ஓசூரில். இப்படிச் சிதறிய குடும்பம் ஒரே நாளில் ஒன்றுசேர்வது பத்திரிகை அடித்தால்தான். அப்படி வருகிறவர்களுக்குக் கையில் ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளை என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மண்மேட்டில் செல்ஃபி வேண்டாம்

முதலில், எல்லோரும் போக விரும்பும் இடத்தை முடித்துவிடுவோம். ஊருக்குள் எங்கே நின்றாலும் கண்ணில் படும் சாம்பல் வெள்ளைக் குன்றுகள் இயற்கையானவை அல்ல. பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையை மில்லில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கழிவு மண். நூறு வருஷத்துக்கும் மேலாகக் கொட்டிக் கொட்டி மலையானது. ஊர்க்காரர்கள் ‘சயனைடு மேடு’ என்பார்கள். மழை அரித்து அரித்து அதன் உடம்பெல்லாம் பள்ளமும் மடிப்பும். கேமராவுக்கு அது வேறு ஏதோ கிரகம் மாதிரித் தெரியும். அதனால்தான் சினிமாக்காரர்கள் ஓடி வருகிறார்கள்; யஷ் நடித்த ‘கே.ஜி.எஃப்’ படத்துக்கும் இங்கேதான் செட் போட்டார்கள்.

அழகுதான். ஆனால் ஏறாதீர்கள். பொடிமண் காலடியில் சரியும். அரித்த விளிம்புக்குக் கீழே வெற்றிடம் இருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. காற்றடித்தால் எழும் தூசு மூச்சுக்குள் போகும். ஆடிக் காற்றில் அந்தத் தூசு வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுகிற கதையை மேட்டை ஒட்டிக் குடியிருப்பவர்கள் அலுத்துப்போய்ச் சொல்வார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, விருந்தினர் தப்பித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. பட்டுப்பாவாடையோடு குழந்தையை அதன் மேல் சறுக்கவிட்டு வீடியோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சாலையோரம் நின்று பார்த்தாலே முழு மேடும் தெரியும், அந்தப் படமே நன்றாக இருக்கும்.

பார்க்க நினைப்பவர்கள் சீக்கிரம் பார்த்துவிடுவதும் நல்லது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் நிலத்தில் சுமார் 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 கழிவு மேடுகளை ஏலம்விட்டு, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. வேலை தொடங்கினால் இன்றைய குன்று இதே உருவத்தில் நிற்காது.

ஷாஃப்டுகளுக்குள் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. பம்புகள் நின்றதும் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். தொழிலாளிகள் அங்கே ஷிஃப்ட் பார்த்தார்கள். மேலே நிற்கும் இரும்புக் கோபுரங்களை, அதாவது கூண்டை இறக்கி ஏற்றிய ராட்டினச் சட்டங்களை, வெளியிலிருந்து பார்க்கலாம். சினிமா காட்டாத ஒரு கணக்கை அங்கே நின்று போட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்தக் கணக்கில், மணமகள் கழுத்தில் ஏறும் ஒரு சவரனுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் பாறையை வெட்டி மேலே தூக்கியிருக்க வேண்டும். 120 வருஷத்தில் இந்த ஊர் கொடுத்த தங்கம் 800 டன்னுக்கும் மேல்.

பேத்தமங்கலம்: தங்கத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஏரி

தங்கவயலில் கடல் இல்லை, பெரிய ஆறும் ஊருக்குள் ஓடவில்லை. ஆனால் விருந்தினரை நான் முதலில் அழைத்துப்போவது தண்ணீருக்குத்தான். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, பேத்தமங்கலம் ஏரி. ரிசப்ஷனுக்கு முன்னால் நாலு மணிக்கு ஆட்டோ பிடித்தால் வெயில் சாய்வதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குள் திரும்பிவிடலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், வேலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இந்தக் கரையில் கொஞ்சம் நேரம் கூடவே நிற்க வேண்டும். எதிரே கிடப்பது அவர்கள் ஊர் பாலாறு. சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார் மாவட்ட ஏரிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்து, இங்கே தேங்கி, ராமசாகரம் வழியாக ஆந்திரத்துக்குள் நுழைந்து, பிறகுதான் தமிழ்நாட்டுக்கு வருகிறது. சொல்லப்படும் கணக்குப்படி அதன் நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 தமிழ்நாட்டில். நீளத்தில் பெரும்பங்கு நமக்கு, தண்ணீரில் இல்லை. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் போட்ட ஆற்றுநீர் ஒப்பந்தத்தின் பட்டியலில் பாலாறும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தடுப்பணை வழக்குகளில் இன்றும் வாதாடுகிறார்கள். வாணியம்பாடியில் மணல் ஆறாகப் பார்த்தே வளர்ந்த ஒருவர் இங்கே கரை தட்டும் தண்ணீரைப் பார்த்தால் ஒன்றும் பேசமாட்டார். பேசினால் கல்யாணத்தில் சம்பந்திச் சண்டை வந்துவிடும்.

ஏரி வெள்ளைக்காரன் வெட்டியதல்ல. கரை உடைந்ததும் அதை நுளம்ப அரசர் பழுதுபார்த்ததும் கல்வெட்டில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. சுரங்கக் கம்பெனி வந்தபோது தண்ணீருக்கு வேறு வழியில்லை. கிணறும் குட்டையும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களுக்குப் போதவில்லை, மில்லுக்கும் நீர் வேண்டும். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பேத்தமங்கலத்தில் நீரேற்று நிலையம் வந்தது. ஏரி நீரைச் சுத்திகரித்து, பம்பு வைத்து, குழாய் வழியே சுரங்க ஊருக்கு அனுப்பினார்கள். இந்த ஊரில் பிறந்த மூன்று தலைமுறைக்குப் பேத்தமங்கலம் என்றால் குழாயில் வரும் தண்ணீர் என்றே பொருள். தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளின் பொதுக்குழாயடியில் நடந்த சண்டைகளும் காதல்களும் எத்தனை கல்யாணத்தில் முடிந்தன என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

ஏரி எப்போதும் நிறைந்திருக்காது. வருஷக்கணக்கில் வறண்டு புல் முளைத்துக் கிடந்ததும் உண்டு. நல்ல வடகிழக்குப் பருவமழை பெய்த வருஷம் ஐப்பசிக்கும் தை மாதத்துக்கும் நடுவே வந்தால் தண்ணீர் நிச்சயம். சித்திரையில் வருபவர்கள் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். கரையில் இருட்டிய பிறகு நிற்க வேண்டாம். நீரில் இறங்கவும் வேண்டாம், சேறு ஆழம்.

பெட்டிச் செய்தி: பாறைக்கு அடியில் ஒரு துகள்

கல்யாண வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கிற பையன் இருந்தால் அவனுக்கு இதைச் சொல்லுங்கள். நியூட்ரினோ என்ற மிகச் சன்னமான துகளைப் பிடிக்க மற்ற கதிர்களைத் தடுக்கும் கெட்டியான கூரை வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், அந்தக் கூரை இயற்கையாகவே இருந்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை 1965-ல் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழு இதையே கண்டறிந்தது. அதுவும் ஒரு தங்கச் சுரங்கத்துக்குள்தான். 1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்று இங்கே தேடினார்கள். சுரங்கத்தின் நிலைமை மோசமானதும் 1990-களின் தொடக்கத்தில் ஆய்வு நின்றது. தேனி பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்று பின்னால் எழுந்த பெரிய சர்ச்சைக்கு முன்கதை இது.

பெங்களூருவுக்கு முன்னால் எரிந்த பல்பு

ஊரைச் சுற்ற நினைப்பவர்கள் காலை முகூர்த்தம் முடிந்து, பந்திக்கு நேரமிருக்கும்போது ஒரு நடை போகலாம். பார்க்க வேண்டியது முதலில் ஒரு விளக்குக் கம்பம், எந்த விளக்குக் கம்பம் ஆனாலும் சரி. காவிரியில் சிவசமுத்திரம் அருவிப் பக்கம் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து 1902 ஜூன் 30 அன்று இங்கே பாய்ந்தது. அன்றைக்கு உலகத்தில் அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டுபோன இடங்கள் மிகக் குறைவு. பெங்களூருத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905-ல். மூன்று வருஷம் நாங்கள் சீனியர் என்று தங்கவயல்காரர்கள் பெங்களூருக்காரர்களிடம் பெருமை பேசுவது இதை வைத்துத்தான். அந்த மின்சாரம் சுரங்கத்து எந்திரங்களுக்காக வந்தது, தொழிலாளி வீட்டுக்காக வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊர் இரண்டு விதமாகக் கட்டப்பட்டது. மேட்டில் அதிகாரிகளின் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். ‘குட்டி இங்கிலாந்து’ என்று எழுதியவர்கள் எல்லாரும் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-களில் சுரங்கங்களை எடுத்து நடத்தத் தொடங்கியபோது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்க நிபுணர்களைக் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம் வடார்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்களின் லைன்கள். பெரும்பாலும் தலித்துகள். ஊரில் நிலமும் இல்லாமல், சாதிக்கொடுமையும் பஞ்சமும் துரத்த வந்தவர்கள். மூங்கில் தட்டி வைத்த ஒற்றை அறை, மண் தரை. அந்தத் தட்டி வீடுகள் இன்று ஓட்டு வீடாகவும் தளம் போட்டதாகவும் மாறியிருந்தாலும் சந்தின் அகலம் மாறவில்லை. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் லைனுக்கே பந்தல் போடுவது அந்த அகலம் கொடுத்த பழக்கம்.

தமிழ் வாசகர் தவறவிடக் கூடாத இடம் மாரிகுப்பம். ரயில் பாதை முடிகிற அந்த ஊர், தமிழ்ப் பௌத்தத்தின் ஒரு தலைநகராக இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே வலுவான கிளை. சுரங்கத் தொழிலாளிகளின் காசில் நூல்கள் அச்சேறின. 1914-ல் பண்டிதர் மறைந்த பிறகு நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-ல் ஜி.அப்பாதுரையார் இங்கிருந்துதான் மறுபடியும் நடத்தினார். சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை மலிவு விலையில் அச்சிட்டுப் பரப்பியது. புரோகிதர் இல்லாமல் பௌத்த முறையில் திருமணங்களும் இங்கே நடந்தன. சுயமரியாதைத் திருமணம் என்ற பேச்சு பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்ட வழக்கம் அது. தாலி எடுத்துக் கொடுக்க யார் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு சுரங்க லைன் கண்டுபிடித்த விடை இது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் இதையாவது தெரிந்துகொண்டு போகலாம்.

தொழிற்சங்கத்தின் கதையும் இந்தத் தெருக்களில்தான். கைநாட்டுப் பதிவை எதிர்த்து 1930-ல் வேலைநிறுத்தம். 1946-ல் இன்னொரு பெரிய போராட்டம். அந்த வருஷம் நவம்பர் 4-ல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உங்களை வரவேற்ற வீட்டுத் தாத்தாவிடம் கேளுங்கள். அவருக்கு அப்பா சொன்னதாவது இருக்கும்.

கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணம் என்றால் ஊரிலேயே பார்க்க நிறைய. சாம்பியன் ரீஃபில் வெற்றி மாதா ஆலயம், ஊரிகத்தில் கார்ன்வால்காரர்கள் வழிபட்ட ஆங்கிலிகன் தேவாலயம். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், மாரிகுப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சுரங்கத்தின் சாயல் இருக்கும். 1894-ல் திறந்த இந்தக் கிளை ரயில் பாதையில் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ஒருமுறை பயணம் செய்வதே பாதி ஊரைப் பார்த்ததற்குச் சமம்.

கோயில் போகிறவர்களுக்கு

வயதானவர்கள் கேட்பது கோயில். ஊருக்கு மிக அருகில் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர். 108 அடி உயர லிங்கம், 35 அடி நந்தி, அவற்றைச் சுற்றி எண்ண முடியாத அளவுக்குச் சின்ன லிங்கங்கள். 1980-ல் தொடங்கிய கோயில், பழமை தேடிப் போகாதீர்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பேத்தமங்கலம் தாண்டி குட்டஹள்ளியில் பங்காரு திருப்பதி இருக்கிறது. அங்கே வெங்கடரமண சுவாமியை நேராகப் பார்க்க முடியாது, துளைகள் வைத்த ஒரு சாளரத்தின் வழியேதான் தரிசனம். திருப்பதிக்குப் போக முடியாதவர்கள் இங்கே வந்து போவார்கள்.

எனக்குப் பிடித்தது ஆவணி. முளபாகல் பக்கம் பாறை மலைக்குக் கீழே, நுளம்பர் காலத்துக் கோயில்கள் ஒரே வளாகத்தில். ராமலிங்கேஸ்வரர், லட்சுமணேஸ்வரர், பரதேஸ்வரர், சத்ருக்னேஸ்வரர் என்று தம்பிமார் பெயரில் ஆளுக்கு ஒரு சன்னதி. லவனும் குசனும் இந்த மலையில்தான் பிறந்தார்கள் என்பது ஊர் நம்பிக்கை; மேலே சீதைக்குக் கோயில். கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட சீதைக்குக் கோயில் இருக்கும் மலைக்குப் புதுமணத் தம்பதியை அழைத்துப் போகலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போகலாம் என்பேன். மாப்பிள்ளைக்கு நல்லது.

நேரமிருந்தால் 30 கிலோமீட்டரில் கோலார். கோலாரம்மன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் ராஜேந்திர சோழனின் காலம் பேசுகிறது. அங்கே தேளுக்கும் வழிபாடு உண்டு. ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை இன்னொரு திசையில். கல்லை விரும்பும் ஆள் யாராவது கூட்டத்தில் இருந்தால், பெத்தபள்ளியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்த எரிமலைப் பாறைகளைக் காட்டுங்கள். மற்றவர்களுக்கு அது வெறும் கல்.

மார்க்கெட்டும் பானிபூரியும்

ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டைப் பார்க்காமல் யாரும் ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பூக்கடையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை வாங்கலாம். உருதுவும் காதில் விழும். தாம்பூலப் பைக்குத் தேங்காய், சீர்த்தட்டுக்குப் பழம் எல்லாம் இங்கேதான். மல்லிகை வேண்டுமென்றால் விடிகாலையில் போங்கள், முகூர்த்த நாளில் ஏழு மணிக்கு மேல் விலை கேட்டால் மயக்கம் வரும். வரும்போதோ போகும்போதோ பங்காரப்பேட்டையில் பானிபூரி சாப்பிட வேண்டும். பச்சைத் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள். இங்கே ஊற்றுவது கண்ணாடி மாதிரித் தெளிந்த நீர், வாயில் வைத்த பிறகுதான் காரம் தெரியும். இந்தப் பானிபூரி பெங்களூருவில் ஊர் பெயரோடு கடை போட்டு விற்கும் அளவுக்குப் பிரபலம். தங்கவயல் மாவட்டத்துக்குத் தந்த பெயரை விடப் பங்காரப்பேட்டைப் பானிபூரி தந்த பெயர் இளைஞர்களிடம் பெரிது என்று சொன்னால் ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள்.

பெட்டிச் செய்தி: வருகிற வழி

சென்னை, வேலூர் பக்கத்திலிருந்து ரயிலில் வருபவர்கள் பங்காரப்பேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் பாசஞ்சருக்கு மாறலாம். பெங்களூருவிலிருந்து சாலையில் சுமார் 100 கிலோமீட்டர். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையில் ஹொசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் வரையிலான கர்நாடகப் பகுதி 2024 இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்தது. காரில் வருபவர்களுக்குப் பயண நேரம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஊர் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல். தை, மாசி முகூர்த்தத்துக்கு வருபவர்கள் பட்டுப்புடவையோடு ஒரு ஸ்வெட்டரும் எடுத்து வரலாம். மாலை ஆட்டோ பிடிக்கும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

விருந்து முடிந்ததும் ஊருக்கு என்ன மிச்சம்?

இங்கேதான் எனக்கு மனக்குறை. விடிவதற்குள் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்கள் ஆயிரக்கணக்கானவர்களைப் பெங்களூருவுக்கு ஏற்றிப்போகின்றன. இரவு கொண்டுவந்து விடுகின்றன. ஊரில் பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை 1960-களிலிருந்து இருக்கிறது, அதைத் தவிரப் பெரிய வேலை எதுவுமில்லை. இப்படி ஒரு ஊரில் ஒரு கல்யாணம் என்றால் பூக்காரர், பந்தல்காரர், சமையல்காரர், வேன் டிரைவர், ஆட்டோக்காரர், லாட்ஜ், வாடகைப் பாத்திரக் கடை எல்லாருக்கும் ரெண்டு நாள் கூலி. விருந்தினர் இன்னும் ஒரு பகல் தங்கினால் அது மூன்று நாள் ஆகும். யாரோ கோடீஸ்வரர் வந்து முதலீடு செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் வரும் பணம் அது.

வருமானம் போகும் திசையோ வேறு. பிள்ளைகள் பெங்களூருவில் வேலை செய்வதால் மண்டபமும் பெங்களூருவிலேயே பார்த்துவிடும் குடும்பங்கள் கூடி வருகின்றன. ‘ஊரில் வைத்தால் விருந்தினருக்குத் தங்க இடமில்லை, பார்க்க ஒன்றுமில்லை’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். தங்க இடம் குறைவு என்பது உண்மை. பார்க்க ஒன்றுமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பார்ப்பதற்கு ஏற்பாடு இல்லை, அதுதான் குறை. ஷாஃப்ட் கோபுரத்தடியில் அது எந்த வருஷம் தோண்டியது, எவ்வளவு ஆழம், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று மூன்று மொழியில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்?

ஜோகன்னஸ்பர்க்கில் மூடிய தங்கச் சுரங்கத்தின் மேல் பொழுதுபோக்குப் பூங்காவே கட்டி, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிக் காட்டுகிறார்கள். இங்கே நிபுணர்களை அனுப்பிய அதே கார்ன்வாலின் பழைய சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ 2006-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானின் சாடோ தீவுத் தங்கச் சுரங்கம் 2024-ல் சேர்ந்தது. சாடோவில் கொரியத் தொழிலாளர்கள் கட்டாயமாக வேலை வாங்கப்பட்ட கதையையும் காட்சியில் சொல்ல வேண்டும் என்று தென்கொரியா நின்று வாதாடியது. அது நமக்கும் பொருந்தும். தங்கவயலை ஒரு நாள் காட்சிப்படுத்தினால் பங்களாவையும் கோல்ஃப் மைதானத்தையும் மட்டும் வர்ணம் பூசிக் காட்டிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. தட்டி வீடும் சிலிகோசிஸ் நோயில் இருமிச் செத்தவர்களின் கணக்கும் அங்கே இருக்க வேண்டும்.

‘கே.ஜி.எஃப்’ படம் இந்த ஊரின் பெயரை இந்தியா முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதில் இந்த ஊர்த் தமிழ்த் தொழிலாளியின் முகம் தேடினாலும் கிடைக்காது. ‘தங்கலான்’ அந்த முகத்தைத் திரைக்குக் கொண்டுவர முயன்றது. இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு வருகிற விருந்தினரிடம் ஆர்வம் தயாராக இருக்கிறது. அதைச் சயனைடு மேட்டில் ஏறி வீணாக்க விடுவதும், பேத்தமங்கலத்துக்கும் மாரிகுப்பத்துக்கும் திருப்பிவிடுவதும் ஊர்க்காரர்கள் கையில்.

ஆகவே கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பத்திரிகை அடிக்கும்போது மண்டபத்துக்கு வழி காட்டும் வரைபடத்தோடு பேத்தமங்கலம் ஏரி, மாரிகுப்பம் ஸ்டேஷன், ஆவணி மூன்றையும் குறித்துவிடுங்கள். லைனில் ஓய்வுபெற்ற ஒரு சுரங்கத் தொழிலாளி கட்டாயம் இருப்பார். விருந்தினரை அரை நாள் சுற்றிக்காட்டச் சொல்லி, அவருக்கு வேட்டி துண்டோடு கௌரவமாக ஒரு தொகையும் கொடுங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒன்று: 13 மேடுகளும் ஏலத்துக்குப் போகும் முன்பு, ஒரு மேட்டையும் ஒரு ஷாஃப்ட் கோபுரத்தையும் வேலியிட்டுப் பாதுகாத்து, அதன் அருகில் சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு இடம் ஒதுக்குங்கள். விருந்தினர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. லீவு போடும்போது ஒரு நாள் சேர்த்துப் போடுங்கள்.